பாலாற்றில் பிளாஸ்டிக் குவிவது ஏன்? மறுசுழற்சி போதாதா?

போதாது. 1950இல் உலகம் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன் பிளாஸ்டிக் உற்பத்தி செய்தது. 2015இல் ஏறத்தாழ 38 கோடி டன். அதுவரை சேர்ந்த மொத்தக் கழிவில் மறுசுழற்சியானது சுமார் 9 சதவீதம்தான்.

வேலூரில் பழைய பேப்பர் கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை எடைபோட்டு வாங்குவார். ஷாம்பு பாக்கெட்டையும் சிப்ஸ் உறையையும் தொடமாட்டார். வெவ்வேறு பொருள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த உறைகள் அவை. பிரித்தெடுக்க ஆகும் செலவுகூடத் திரும்பக் கிடைக்காது. விலையில்லாத குப்பையை யார் பொறுக்குவார்கள்? பாலாற்று மணலில் புதைந்து கிடப்பவை பெரும்பாலும் இவைதான். வறண்ட ஆற்றில் அவை அசைவதில்லை. வெள்ளம் வந்தால் கடலை நோக்கிப் போகின்றன.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள், கப்புகள் தடைசெய்யப்பட்டன. நல்ல முடிவு. ஆனால் தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்குத் தொடக்கத்தில் விலக்கு அளித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மஞ்சப்பையோடு மளிகைக் கடைக்குப் போனாலும் அந்த உறைகள் அதற்குள்ளேயே வீட்டுக்கு வந்துவிடுகின்றன.