குன்னூர் தங்கச்சிக்கு, இங்கிலாந்துல எம்எஸ்ஸோட இருக்கறது பத்தி

தங்கச்சி, நீ கேட்டத ரெண்டு தடவ படிச்சேன். குன்னூர்லேர்ந்து இங்கிலாந்து வந்து நாலு மாசம், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்எஸ், மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கற நோய்) இருக்கு, மருந்து ஒழுங்கா போகுது, ஆனா காலைல எந்திரிக்க மனசே வரல, சும்மா சும்மா அழுகை வருது, கூட இருக்கவங்க குளிரு, ஊர் ஞாபகம், சரியாயிடும்ங்கறாங்க, டாக்டர்கிட்ட சொல்லணுமான்னு கேட்டிருக்க. சொல்லணும்மா. இந்த வாரமே சொல்லு.

குளிருன்னு சொல்றவங்களுக்கு நம்ம மலைய தெரியாது. நான் கோத்தகிரி, லீட்ஸ்ல 14 வருஷம், எம்எஸ் வந்து 9 வருஷம். டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், அது கஷ்டம்தான், ஆனா எனக்கு வந்தது அதவிட பெருசு. டீயில வர்க்கி முக்காம எனக்கு பொழுதே விடியாது, அப்படிப்பட்டவன் அம்மா குடுத்துவிட்ட வர்க்கி பாக்கெட்ட மூணு வாரம் பிரிக்காம டேபிள் மேலயே போட்டு வெச்சிருந்தேன். வீடியோ கால்ல சிரிப்பேன், கட் பண்ணிட்டு லைட்டுகூட போடாம உக்காந்திருப்பேன். ரெண்டு வருஷம் யார்கிட்டயும் சொல்லல, அந்த தப்ப நீ பண்ணாத.

அப்புறம் எம்எஸ் நர்ஸ்தான் வெளக்குனாங்க, எம்எஸ் உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எப்பவாவது டிப்ரஷன் வந்துடுது, நோய நெனச்சு கவலப்படுறது ஒரு பக்கம், மூளைல விழுற தழும்பும் வீக்கமுமே மனச மாத்தும், ரிலாப்ஸுக்கு, அதாவது நோய் திடீர்னு மறுபடி தலை தூக்கறப்ப, குடுக்குற ஸ்டீராய்டும் தூக்கத்த கெடுக்கும். அசதியும் சேர்ந்துக்கறதால எது எதுனாலன்னு நமக்கே பிரிச்சுப் பாக்க முடியாது. சோகமே இல்லாம அழுகையோ சிரிப்போ அடக்க முடியாம பொத்துக்கிட்டு வந்தா அதுக்கு வைத்தியம் வேற, அதனால எப்ப வருதுன்னு குறிச்சு வெச்சு காட்டு.

ஜிபிகிட்ட, அதான் உன் குடும்ப டாக்டர்கிட்ட போலாம், இல்லன்னா அரசு மருத்துவ சேவையோட மனநல பேச்சு சிகிச்சையான என்ஹெச்எஸ் டாக்கிங் தெரபீஸ்ல நீயே நேரா பதியலாம், காசு கிடையாது, தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னு கூச்சப்படாம கேளு. எனக்கு சிபிடியும் (நெனப்பையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்கற பேச்சு சிகிச்சை) டிப்ரஷன் மாத்திரையும் சேர்ந்துதான் கை குடுத்துச்சு.

இப்ப லீவுக்கு ஊர்லதான் இருக்கேன். கோயமுத்தூர் வெயில்ல இறங்குனதும் கால் தள்ளாடுச்சு, சூட்டுல எம்எஸ்ஸுக்கு அப்படி ஆகும், மேட்டுப்பாளையம் தாண்டி மேல ஏற ஏற தெளிஞ்சிடுச்சு. நேத்துதான் அம்மாகிட்ட மாத்திரைய காட்டி இது எதுக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் “இத்தன வருஷம் தனியாவா அழுத”ன்னாங்க.

சாகலாம்ங்கற நெனப்பு வந்தா மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காத, 111 அடிச்சு 2 அழுத்து, இல்ல சமாரிட்டன்ஸ்ங்கற உதவி லைன் 116 123, நடுராத்திரியும் எடுப்பாங்க. எந்த ஊர்ல இருக்கன்னு எழுது, அடுத்த வாரம் லீட்ஸ் திரும்புனதும் கூப்பிடறேன்.