தேதி 2009-க்குப் போகிறது, பிரிண்ட் கொடுத்தால் அணைகிறது: பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் வேலைதான் அதிகம். விண்டோஸ் 7 போட்ட பழைய கோர் 2 டுயோ டெஸ்க்டாப், 2 ஜிபி ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும் பழைய தமிழ் ஃபான்ட்களும் அதில்தான் இருக்கின்றன. இரண்டு மாதமாகக் காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதி 2009 ஜனவரி 1 என்று இருக்கிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்கிறது. ஃபைல் திறக்க ரொம்ப நேரமாகிறது, நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது. லேசர் பிரிண்டரில் பிரிண்ட் கொடுத்தவுடன் சில சமயம் கம்ப்யூட்டரே அணைந்துவிடுகிறது. சர்வீஸ் செய்பவர் வைரஸ் என்கிறார், ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் வைரஸ் கணக்கில் எழுதுவது சுலபம். ஆனால் விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே கறுப்புத் திரையில் வரும் எஃப்1 செய்திக்கும் வைரஸுக்கும் சம்பந்தம் கிடையாது. ஃபார்மட் செய்த மறுநாள் காலையும் அது அப்படியேதான் வரும். உங்கள் பட்டியலில் எனக்குத் தெரிவது மூன்று தனித்தனிக் கோளாறுகள். மூன்றுமே ஹார்ட்வேர் பக்கம்தான். அதில் இரண்டுக்குச் செலவு மிகக் குறைவு.

முதலில் தேதி. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்பது அதன் எண், 3 வோல்ட். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) அமைப்புகளை மறக்காமல் வைத்திருப்பதும் அதன் வேலை. அது தீர்ந்தால் பயாஸ் தன் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். பேட்டரிதானா என்பதைக் காசு செலவில்லாமல் உறுதி செய்துகொள்ளலாம். ஷட் டவுன் செய்தபின் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்காமல் ஒரு இரவு விட்டுப் பாருங்கள். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு சிறு மின்னோட்டத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், கடிகாரம் அதில் ஓடும். மறுநாள் தேதி சரியாக இருந்தால் பேட்டரிதான். கடையில் இரவு மெயினை அணைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை காலையில் மட்டும் வருவது இதனால்தான்.

இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவையாகத் தெரிவதும் இதே பேட்டரியால்தான். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழிலும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் 2009-இல் நின்றுகொண்டு இந்த வருடச் சான்றிதழைப் பார்த்தால், இது இன்னும் நடைமுறைக்கே வரவில்லையே என்று நிராகரிக்கிறது.

பேட்டரி சில பத்து ரூபாய்தான். மாற்றும் முன் பயாஸுக்குள் போய் எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக சாட்டா மோட் (மதர்போர்டு ஹார்ட் டிஸ்கோடு பேசும் முறை) என்ற இடத்தில் ஐடிஇ என்று இருக்கிறதா, ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது எஃப்1 அழுத்தினால் உங்களுக்கு விண்டோஸ் வந்துவிடுகிறது. அப்படியானால் இப்போது உள்ளதுதான் சரியான அமைப்பு. யாராவது வேகமாகும் என்று சொல்லி அதை மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணோடு நின்றுவிடும். அந்தத் திரையைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டி ஃபார்மட் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்கள் நிறைய. பழைய அமைப்பைத் திரும்ப வைத்தாலே போதும், விண்டோஸ் வந்துவிடும்.

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, பேட்டரியைப் பிடித்திருக்கும் சிறு கிளிப்பைத் தள்ளினால் அது மேலே எழும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். பிறகு பயாஸிலேயே தேதி, நேரத்தைக் கையால் சரி செய்யுங்கள். இணையத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். வீடு, கடைகளில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் நேரம் 15 மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருந்தால் நேரத்தைச் சரி செய்யும் சேவை அதைத் திருத்த மறுத்துவிடும்.

அடுத்தது பிரிண்ட் கொடுத்தால் அணைவது. உங்கள் லேசர் பிரிண்டரின் பிளக் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரின் யூபிஎஸ்ஸிலேயே அதையும் செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லேசர் பிரிண்டருக்குள் டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்ட வைக்கும் ஃபியூசர் என்ற சூடேற்றி உண்டு. பிரிண்ட் தொடங்கும்போது அது ஒரே மூச்சில் பல நூறு வாட் இழுக்கும். கடைகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் யூபிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள எல்லாவற்றையும் துண்டித்துவிடும். பிரிண்டரை நேராகச் சுவரில் உள்ள பிளக்கில் செருகுங்கள். மின்சாரம் போனால் ஒரு பக்கம் பாதியில் நிற்கும், அதனால் பெரிய நஷ்டமில்லை.

அதற்குப் பிறகும் அணைந்தால் சூட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகிக்க வேண்டும். பிராசசர் மேலுள்ள ஹீட்சிங்கில் தூசி மெத்தை போலப் படிந்திருக்கிறதா, அதன் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் போர்டில் சரியாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். புளோயரால் ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் நடந்தவற்றைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைக் காட்டி யாராவது விண்டோஸ் கெட்டுவிட்டது என்றால் நம்ப வேண்டாம். முறையாக ஷட் டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது. ஃபைல் திறக்கும்போது நின்று நின்று வருவது ஹார்ட் டிஸ்க் தேய்ந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். உங்கள் பிழைப்பு முழுவதும் அந்த டிஸ்கில் இருக்கிறது. ஆகவே அதைச் சோதிக்கும் முன், பேட்டரி மாற்றும் முன், வேறு எதையும் தொடும் முன், வேலைகளை ஒரு வெளி டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். பேஜ்மேக்கர் ஃபைல்கள் முதலில், படங்கள் அப்புறம், பாட்டும் சினிமாவும் கடைசியில்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த இரண்டு மாதத்தில் தேதியைத் திருத்தாமல் சேமித்த ஃபைல்கள் எல்லாம் 2009 தேதியைச் சுமந்துகொண்டிருக்கும். புதியவற்றை மட்டும் நகலெடு என்று ஏதாவது பேக்கப் மென்பொருளிடம் சொன்னால் அவற்றையே விட்டுவிடும். தேதி வாரியாக அடுக்கித் தேடினாலும் பட்டியலின் அடியில் கிடக்கும். ஃபோல்டர் ஃபோல்டராக முழுதாக எடுங்கள். பழைய ஃபைலும் புதிய ஃபைலும் ஒரே பெயரில் மோதினால், தேதியை நம்பி அழிக்காமல் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் மறக்க வேண்டாம். பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்களில் அடித்த பத்திரிகையை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். ஃபார்மட் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வெளியானது 2001-இல். அதன் சிடி, சீரியல் எண், கீபோர்டு மென்பொருள் எல்லாம் கையில் பத்திரமாக இருந்தால் ஒழிய, ஃபார்மட் செய்தபின் இதே நிலைக்குத் திரும்புவது பெரும்பாடு.

நகல் எடுத்தபின் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை அது காட்டும். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கில் தகவல் பதியும் சிறு கட்டங்கள்). சி5 என்பது, படிக்க முடியாமல் முடிவுக்காக நிற்பவை. கம்ப்யூட்டர் நின்று நின்று வருவது பெரும்பாலும் இந்த சி5 ஆட்களால்தான், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நன்றாக இருக்கலாம், சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்த எண் ஒருபோதும் குறையாது, மேலும் ஏறாமல் நின்றாலே கேபிள்தான் காரணம் என்று தெரிந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டானாலும் சி5 கூடும். பிரிண்ட் கொடுக்கும்போதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் அணைந்தது இதிலும் தன் பங்கைச் செய்திருக்கலாம்.

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக் டிஸ்கை ஓட்டினால் செக்டர் சரியாகிவிடும் என்பார்கள். நலிந்த டிஸ்கை மணிக்கணக்கில் முழுவதும் படிக்க வைப்பது அதைச் சாகடிக்கவும் செய்யலாம். நகல் கையில் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது.

05-இலும் சி5-இலும் எண்கள் இருந்தால் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி, டிஸ்கைப் பிரதி எடுக்கும் குளோன்சில்லா மென்பொருளை வைத்துப் பழைய டிஸ்கை அப்படியே அதில் நகலெடுங்கள். அதில் ரெஸ்கியூ என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் படிக்க முடியாத செக்டர் வந்தாலும் நிற்காமல் மேலே போகும். விண்டோஸ், பேஜ்மேக்கர், ஃபான்ட் எல்லாம் இருந்தபடியே வரும், எதையும் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. எஸ்எஸ்டி பழைய ஒன்றைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் பாருங்கள். பழைய மதர்போர்டில் அதன் முழு வேகம் கிடைக்காது, ஆனாலும் வித்தியாசத்தை முதல் நாளே உணர்வீர்கள். விண்டோஸ் 7 எஸ்எஸ்டியை நன்றாகவே கையாளும். எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியை அவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு செய்தபின்னும் இணையத்துக்கு இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டாம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. பணம் கட்டிய நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்ததும் 2023 ஜனவரியில் முடிந்தது. குரோமில் இதற்கான கடைசிப் பதிப்பு 109. அவசரத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் போட்டுக்கொள்ளலாம், அது சான்றிதழ்களைத் தன்னிடமே வைத்திருப்பதால் பழைய விண்டோஸிலும் பல தளங்களைத் திறக்கும். ஆனால் வங்கி, ஜிஎஸ்டி, யுபிஐ எதையும் அதில் தொடாதீர்கள். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு இதைப் பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

இணைய வேலைக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கினால் அது விண்டோஸ் 11 ஏற்கும் கம்ப்யூட்டராக இருக்கட்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். செகண்ட் ஹேண்ட் கடையில் ஐ5 என்று மட்டும் சொல்லி இரண்டாம், மூன்றாம் தலைமுறையைத் தள்ளிவிடுவார்கள். அதில் முறைப்படி விண்டோஸ் 10 வரைதான் போடலாம், அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

பிரிண்டர் பிளக்கை இன்றே மாற்றுங்கள். கடை மூடிய பிறகு நகலெடுக்கத் தொடங்குங்கள். நகலெடுக்கும்போதே டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாலோ விண்டோஸ் சிக்கிக்கொண்டாலோ விடாப்பிடியாக முயல வேண்டாம். அணைத்துவிட்டு, டிஸ்கைக் கழற்றி, டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். ஃபார்மட் செய்யாத டிஸ்க் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.