சிங்கப்பூரில் ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) மணிக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுக்கிறார்கள், சரியா?

மாதம் 800 வெள்ளி பேசிக் (அடிப்படைச் சம்பளம்), ஓ.டி.க்கு மணிக்கு 4 வெள்ளிதான் தருகிறார்கள், கேட்டால் இதுதான் கம்பெனி ரேட் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி ரேட் என்று ஒன்று கிடையாது தம்பி, சட்டம் சொல்லும் ரேட்தான் உண்டு. உங்களுக்கு வரவேண்டியது 6 வெள்ளி 29 காசு.

பேசிக்கை 12ஆல் பெருக்கி 2,288ஆல் வகுங்கள் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்). 4.20 வரும். ஓ.டி.க்கு அதில் ஒன்றரை மடங்கு. மாதம் 60 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் 137 வெள்ளிக்கு மேல் போகிறது, ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டிய பணம். உடலுழைப்பு வேலைக்கு, பேசிக் 4,500 வெள்ளி வரைக்கும் இந்தக் கணக்குதான். வொர்க் பெர்மிட்டில் வந்தவருக்கும் இதேதான்.

இன்னொன்று. பேசிக் 500 என்று போட்டுக் கணக்குப் பார்த்தால் ஓ.டி. ரேட் 3.93 வருகிறது, உங்களுக்குத் தரும் 4 வெள்ளிக்குப் பக்கத்தில். அதனால் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், பேசிக்கைக் குறைத்து மீதியை அலவன்ஸ் என்று எழுதியிருக்கலாம். ஓ.டி. கணக்கில் அலவன்ஸ் சேராது என்பதால் இப்படிச் செய்கிறார்கள், எனக்கும் இதைத்தான் செய்தார்கள். ஐபிஏ தாளில் (வேலை அனுமதிக்கு முன் மனிதவள அமைச்சு தரும் ஒப்புதல் கடிதம்) உள்ள பேசிக்கை உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது, குறைத்தால் மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகவே புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அடையட்டும் என்று நான் ஏழு மாதம் வாய் திறக்கவில்லை. ஆனால் தினமும் எத்தனை மணிக்கு வேலைக்கு ஏறினேன், எத்தனை மணிக்கு இறங்கினேன் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி, டைம் கார்டையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அப்புறம் டிஏடிஎம்மில் (சம்பளத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பு) புகார் கொடுத்தபோது சமரசப் பேச்சில் அந்த நோட்டுதான் பேசியது, பாக்கிப் பணம் வந்தது. கூட இருந்த நண்பருக்கும் அதே பாக்கிதான், ஆனால் அவரிடம் எழுதி வைத்தது எதுவும் இல்லை, பாதிகூட வாங்க முடியவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது.

வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதம்தான். ஐபிஏவில் பேசிக் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள், மாதவாரியாகக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.