மூன்று வயது மகளை ஊர் பார்க்கில் நடக்கும் ஈஸ்டர் முட்டை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஆனால் வயதுவாரியாகக் கயிறு கட்டிப் பிரிக்கிறார்களா, சின்னக் குழந்தைகள் பகுதிக்குள் பெரியவர்களை விடுகிறார்களா என்று முன்னாடியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பேக்யார்டிலேயே நாலு முட்டையை ஒளித்து வைத்து விளையாடுங்கள், அந்த வயதுக்கு அதுவே போதும்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது பக்கத்து ஊர் பார்க்குக்குக் கூட்டிப் போனோம், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. வேட்டை என்றதும் செடி மறைவில் தேடுவது என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே பேஸ்பால் மைதானத்துப் புல்லில் மிட்டாய் போட்ட பிளாஸ்டிக் முட்டைகளை அப்படியே இறைத்து வைத்திருந்தார்கள். விசில் ஊதிய கொஞ்ச நேரத்தில் மைதானம் காலி. என் மகன் முதலில் கண்ணில் பட்ட மஞ்சள் முட்டையை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, நகத்தால் நெம்பித் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதானே அவனுக்கு முக்கியம்? அதற்குள் ஒருவர் கயிற்றைத் தாண்டி வந்து, அவன் காலடியில் கிடந்ததையும் சேர்த்து வாரித் தன் பையன் கூடையில் போட்டார். அந்தப் பையனுக்கு ஏழு வயதாவது இருக்கும். இது சின்னப் பிள்ளைகள் இடம், வெளியே போங்கள் என்று நேராகவே சொன்னேன். மிட்டாய்தானே, விடுங்கள் என்றார். மிட்டாய்தான் என்றால் இவர் ஏன் அப்படி வார வேண்டும்? இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இதையெல்லாம் பெரிதுபடுத்துகிறேன் என்பவர்களுக்கு: கொலராடோ ஸ்பிரிங்ஸில் 2012-இல் ஒரு முட்டை வேட்டையை ரத்தே செய்தார்கள். முந்தின வருடம் பெற்றோர்கள் கயிறு தாண்டி உள்ளே புகுந்ததுதான் காரணம்.

அப்புறம், நமக்கெதற்கு ஈஸ்டர் என்று கேட்க யாராவது வருவார்கள். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் 1878-இல் குழந்தைகள் முட்டை உருட்டத் தொடங்கிய நாடு இது. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் போகும்போது நம் பிள்ளை மட்டும் ஏன் வீட்டில் இருக்க வேண்டும்? நாங்கள் கோயிலுக்கும் போகிறோம், இதற்கும் போகிறோம்.

நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள், பத்து மணி என்றால் பத்துக்கு விசில் ஊதிவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தை நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் கற்றுக்கொண்டால் கோடி புண்ணியம். பொங்கல் விழா ஐந்து மணி என்று போட்டுவிட்டு, குழந்தைகள் நடனத்தை எட்டரைக்கு மேடையேற்றினார்கள். என் மகள் சலங்கையோடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். அதுவரை நடந்தது பொன்னாடை போர்த்துவதும் நன்றி சொல்வதும்தான். கேட்டால் நாம்தான் கெட்டவர்கள்.

சரி, மிட்டாய் விஷயம். ஜெல்லி பீன்ஸ், கெட்டி மிட்டாய் எல்லாம் மூன்று வயதுக்குத் தொண்டையில் சிக்கும், வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சைவம் என்றால் மார்ஷ்மெல்லோவின் உறையைப் படித்துப் பாருங்கள். பீப்ஸ் என்று விற்கும் கோழிக்குஞ்சு வடிவ மார்ஷ்மெல்லோவில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது. நான் ஸ்டிக்கர், குட்டிக் கார் மாதிரியானவற்றை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மாற்றிக் கொடுத்துவிடுவேன், மகன் ஒன்றும் சொன்னதில்லை. காலையில் புல் ஈரமாக இருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டுவிடுங்கள். கூடையும் நீங்களே கொண்டு போங்கள், பல இடங்களில் தரமாட்டார்கள்.