சீனியர் சொன்ன லேடர்

வணக்கம் ஐயா. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கன்ட்ரோல்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். ஒரு ரோபோ, இரண்டு சிஎன்சி வெட்டு இயந்திரங்கள், ஒரு கன்வேயர். அடிக்கடி புதுப் பாகங்கள் வருவதால், மென்பொருளை ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில், அதாவது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதன் தகவலும் செயலும் சேர்ந்த ஓர் 'ஆப்ஜெக்ட்' என்று, திருப்பி எழுத ஆசை. 'இயந்திரம்' என்று ஒரு தாய் கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுக்கான அச்சு), மற்றதெல்லாம் அதன் குணங்களை வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள். சீனியரோ, ஆலைக் கன்ட்ரோலரில் வழக்கமாக எழுதும் லேடர் மொழியைச் சொல்லி, "லேடரே போதும்" என்கிறார். அவர் பழைய பஞ்சாங்கம். என் வடிவமைப்பு சரியா? பைதான் படிப்பதா, சி++ படிப்பதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

பைதானா சி++ஆ என்பதை வேறு யாரிடமாவது கேளுங்கள். வேலையைத் திருப்பிச் செய்யத் தோன்றுகிறதே, அந்த ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'பழைய பஞ்சாங்கம்' என்றீர்களே, அதை அப்படியே விட மனசில்லை.

1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் கியர்பாக்ஸ் பிரிவு, இயந்திரங்களை ஓட்டிய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பெட்டிகளுக்கு மாற்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் ஒயரைப் பிரித்துப் பூட்டி மாளவில்லை. அதற்காக வந்ததுதான் மோடிகான் 084 என்ற பிஎல்சி, அதாவது ஒயரை மாற்றாமல் புரோகிராமை மாற்றி இயந்திரங்களை ஓட்டும் கணினி. அதன் லேடர் மொழி ரிலே வரைபடம் மாதிரியே இருந்ததற்குக் காரணம், அதைப் படிக்கப்போகிறவர் எலெக்ட்ரீஷியன். அவர் படிக்க முடியாததை அவர் தலையில் கட்டக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நீங்கள் நினைத்தீர்களா?

நான் வேலையில் இருந்த காலத்தில், ஓர் இரவு ஷிஃப்டில் ரோபோ நடுவழியில் நின்றுவிட்டது. பாகத்தைப் பிடிக்கும் கிரிப்பர் காலி. திரையிலோ 'பாகம் உள்ளது'. லைனை அமைத்துக் கொடுத்தவர்களின் புரோகிராம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எலெக்ட்ரீஷியன் ஒரு மெத்தடை (ஆப்ஜெக்ட்டின் ஒரு செயலை எழுதிய பகுதியை) திறந்தால் உள்ளே இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. எந்த இன்புட் இந்தப் பொய்யைச் சொல்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டார். மின்சாரத்தைப் பூட்டி, கூண்டுக்குள் போய் டார்ச் அடித்தார். பக்கத்தில் உலோகம் இருந்தால் சொல்வதற்காகக் கிரிப்பர் விரலில் இருந்த ப்ராக்ஸிமிட்டி சென்சாரின் முகத்தில் நகக்கண் அளவுக்கு இரும்புச் சுருள், கூலன்ட் பிசுக்கோடு ஒட்டியிருந்தது. துடைத்தார். மறுபடி மின்சாரம் கொடுத்தபோது சென்சாரின் மஞ்சள் விளக்கு எரியவில்லை.

அப்புறமும் ரோபோ ஓடவில்லை. சென்சார் 'இல்லை' என்கிறது. ஆப்ஜெக்ட் தான் சேமித்து வைத்த 'உள்ளது' என்பதை விட மாட்டேன் என்கிறது. பாதி வேலையில் பாகம் காணாமல் போனால் என்ன செய்வது என்று அந்த அழகான அடுக்குகளில் ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. லைனை அமைத்துக் கொடுத்த கம்பெனிக்காரர் போனை எடுக்கும்வரை லைன் சும்மா கிடந்தது.

ஆப்ஜெக்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1960களில் ஆஸ்லோவில் நார்வே கணினி அறிஞர்கள் டாலும் நீகார்டும், ஆப்ஜெக்ட் முறைக்கே தொடக்கமான சிமுலா மொழியை உருவாக்கியது, நிஜ உலகின் வரிசைகளையும் வேலைகளையும் கணினிக்குள் பாவனையாக ஓட்டிப் பார்க்க. பாவனைக்குள் இரும்புச் சுருள் ஒட்டாது. உங்கள் ரோபோ கூண்டில் ஒட்டும். அதே நீகார்ட் 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு போய் உட்கார்ந்தார். ஆலைக்குள் வரும் கணினிகளைத் தொழிலாளிகளே புரிந்துகொண்டு நிர்வாகத்திடம் பேச வேண்டும் என்பதற்காக. கிளாஸ் வரைகிற நம் ஆட்கள் அவருடைய முதல் பாதியை எடுத்துக்கொண்டு இந்தப் பாதியைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு இதுதான் ஆறாத எரிச்சல்.

சரி, உங்கள் கேள்வி. தாய் கிளாஸ் வேண்டாம். ரோபோவுக்கும் கன்வேயருக்கும் பொதுவானது ஸ்டார்ட், ஸ்டாப், ஃபால்ட், ரீசெட். அதற்கு ஓர் இன்டர்ஃபேஸ் (எல்லாரும் செய்தாக வேண்டிய செயல்களின் பட்டியல்) போதும். பிஎல்சி மொழிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61131-3இன் 2013 பதிப்பிலேயே கிளாஸ், மெத்தட், இன்டர்ஃபேஸ் எல்லாம் வந்துவிட்டன. உங்கள் பிஎல்சியில் உண்டா என்று பாருங்கள். புதுப் பாகம் வந்தால் ரெசிபி டேட்டா (அந்தப் பாகத்துக்கான அளவுகள்) மாறட்டும், புரோகிராம் மாற வேண்டாம். இன்டர்லாக் (ஒன்று சரியாக இல்லாவிட்டால் மற்றதை ஓடவிடாத தடை) எல்லாம் லேடரிலேயே இருக்கட்டும். கரன்ட் போய் வந்ததும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் முதலில் சென்சாரைக் கேட்கட்டும். சென்சார் சொல்வதும் தான் சேமித்து வைத்ததும் ஒத்துப்போகாவிட்டால் ஆபரேட்டரைக் கேட்கட்டும்.

இந்த லைன் எங்கெங்கே, எப்படியெப்படி நிற்கும் என்பது உங்கள் சீனியருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். அவர் சொல்வதை முழுக்க எழுதி முடிக்கும்வரை ஒரு கிளாஸ்கூட எழுத வேண்டாம்.