லிதுவேனியாவில் கோட்டைக் குன்றுகள் என்கிறார்கள், போய்ப் பார்த்தால் வெறும் புல்மேடுதான் இருக்கிறது. கோட்டை எங்கே போயிற்று?

எரிந்து போயிற்று, மிச்சம் மட்கிப் போயிற்று. அந்தக் கோட்டைகள் கல்லால் கட்டப்பட்டவை அல்ல. ஆற்றோரக் குன்றின் சரிவைச் செங்குத்தாகச் செதுக்கி, உச்சியில் மண் கரை எழுப்பி, அதன்மேல் மரச்சுவர் வைப்பார்கள். மரம் அழிந்தபின் நிற்பது, மனிதன் வெட்டித் திருத்திய அந்த மேடு மட்டுமே. இயற்கைக் குன்றுக்கு இவ்வளவு தட்டையான தலை ஏது?

நாடெங்கும் இப்படி 900-க்கும் மேல் உள்ளன. ஒன்றை மட்டும் பார்க்க முடியுமென்றால் கெர்னவேக்குப் போங்கள். நெரிஸ் ஆற்றங்கரையில் ஐந்து குன்றுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

என்னைக் கேட்டால், குன்றுகளைவிடக் கீழே இருக்கும் பள்ளத்தாக்குதான் சுவாரசியம். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் கைவினைஞர்களும் வணிகர்களும் வாழ்ந்த ஊர் அங்கே இருந்தது. 1390-இல் தியூத்தோனிய வீரர்கள் என்ற ஜெர்மானியக் கிறித்தவப் போர்த்துறவிகளின் படையெடுப்பில் ஊர் தீக்கிரையானது. பிழைத்தவர்கள் பள்ளத்தாக்குக்குத் திரும்பவில்லை, மேட்டில் குடியேறினார்கள். கைவிடப்பட்ட ஊரை ஈர வண்டல் மூடியது. ஈர மண்ணுக்குள் காற்று புகாது, காற்றில்லாமல் மரம் எளிதில் மட்காது. அதனால்தான் மரம் பாவிய தெரு ஒன்று அகழாய்வில் அப்படியே வெளிப்பட்டது. மேலே நின்ற கோட்டை காணாமல் போக, கீழே காலில் மிதிபட்ட பலகை தப்பித்துக்கொண்டது.