லினக்ஸ் மிண்ட் (வின்டோஸ் மாதிரி ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போடும்போது டிஸ்க்கே காட்டல, வைஃபையும் வரல, லேப்டாப் கெட்டுப்போச்சா?

கெடல தம்பி, காச எடுத்துக்கிட்டு கோலாலம்பூர் லோயாட் கம்ப்யூட்டர் கடைங்களுக்கு ஓடாதீங்க. வின்டோஸ் 10 இன்னும் நல்லா திறக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, டிஸ்க் செத்திருந்தா அது எங்கேர்ந்து வரும்? செந்தூல்ல என் சித்தி மகனுக்கும் இதேதான், ஒரு கடையில 'எஸ்.எஸ்.டி டிஸ்க் கெட்டுப்போச்சு, 300 வெள்ளிக்கு மேல ஆகும்'னுட்டாங்க, நான் பயாஸ்ல (வின்டோஸ் திறக்குறதுக்கு முன்னாடி வர்ற லேப்டாப்போட செட்டிங் பகுதி) ஒரே ஒரு செட்டிங்க மாத்துனேன், டிஸ்க் வந்துருச்சு. 2025 அக்டோபர் 14-ஓட வின்டோஸ் 10 சப்போர்ட் நின்னதுலேர்ந்து நல்ல மெஷினையெல்லாம் இப்படித் தூக்கிப் போடுறாங்க, பாக்கவே வயிறு எரியுது.

விஷயம் என்னன்னா, நெறைய இன்டெல் லேப்டாப்புல பயாஸ்ல ஸ்டோரேஜ் மோட் வரும்போதே ரெய்டு (RAID), இல்லன்னா ஆர்.எஸ்.டி (RST)-ன்னு இருக்கும். அதுல டிஸ்க் இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னாடி போயிடும், வின்டோஸ்கிட்ட அதுக்கு டிரைவர் (அத இயக்குற சாஃப்ட்வேர்) இருக்கு, மிண்ட் இன்ஸ்டாலர் கண்ணுக்குப் படாது. அந்த மோட ஏ.ஹெச்.சி.ஐ (AHCI)-ன்னு மாத்தணும், இன்டெல் 11-வது தலைமுறையோ அதுக்குப் பிறகு வந்ததோன்னா வி.எம்.டி (VMD)-ன்னு இருக்கும், அத ஆஃப் பண்ணணும்.

ஆனா வின்டோஸும் கூடவே வேணும்ங்கறீங்க, அதனால அவசரப்படாதீங்க, நேரா மாத்துனா நீல ஸ்கிரீன் வந்து நின்னுடும். முதல்ல வின்டோஸ்ல எம்.எஸ்.கான்ஃபிக் (msconfig) திறந்து சேஃப் பூட்ல டிக் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி அப்படியே பயாஸுக்குள்ள போய் மாத்துங்க, வின்டோஸ் சேஃப் மோட்ல ஒரு தடவ திறந்து புது டிரைவர எடுத்துக்கும், பிறகு டிக்க எடுத்துடுங்க. இதுக்கெல்லாம் முன்னாடி, பிட்லாக்கர் (டிஸ்க்கப் பூட்டி வைக்குற வின்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க! இருந்தா 48 இலக்க ரிகவரி கீய பேப்பர்ல எழுதி வைங்க, பயாஸ்ல கை வச்சதும் அது கேக்கும், கீ இல்லன்னா உங்க அசைன்மென்ட், குடும்பப் படம் எதுவும் திரும்பி வராது.

வைஃபை சின்ன விஷயம்தான், உள்ள இருக்குறது பிராட்காம் கம்பெனி வைஃபை சிப்புன்னா அதுக்கு டிரைவர் தனியா போடணும். மிண்ட் ஏத்தி முடிச்சதும் ஆண்ட்ராய்ட் போன கேபிள்ல மாட்டி யூ.எஸ்.பி டெதரிங் (போன் நெட்ட கேபிள் வழியா லேப்டாப்புக்குக் குடுக்குறது) ஆன் பண்ணுங்க, லேன் கேபிள் சொருகுன மாதிரியே மிண்ட் எடுத்துக்கும், போன் வீட்டு வைஃபைல இருந்தா டேட்டாவும் போகாது. பிறகு மிண்ட்ல டிரைவர் மேனேஜர் திறந்து பிராட்காம தேர்ந்தெடுங்க. செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத சாஃப்ட்வேர ஓட விடாத பயாஸ் பாதுகாப்பு) ஆன்ல இருந்தா ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், அடுத்த ரீஸ்டார்ட்ல நீலத்துல ஒரு மெனு 10 செகண்ட்தான் நிக்கும், உடனே ஒரு கீய அமுக்கி என்ரோல் எம்.ஓ.கே (Enroll MOK)-க்குப் போய் அதே பாஸ்வேர்ட அடிங்க, அத விட்டுட்டா டிரைவர் இருந்தும் ஓடாது.

டிரைவர் மேனேஜர்ல ஒண்ணுமே காட்டலன்னா மிண்ட்ல இருக்குற சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் திறந்து நெட்வொர்க் பகுதிய மட்டும் காப்பி பண்ணி இங்க கீழயே போடுங்க, சிப் நம்பரப் பாத்து சொல்றேன்.